பாலம் விழுந்த ஐப்பசி

போன மாதம் நம் கூடப் படித்தவர் ஒருவரின் பேத்தி கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, நம் ஊர்த் துறையில் வெள்ளாற்றுக்குக் குறுக்கே இதுவரை எத்தனை பாலம் கட்டினார்கள் என்று பேச்சு வந்தது. ஒருவர் நான்கு என்றார். இன்னொருவர் தரைப்பாலத்தைச் சேர்க்கக் கூடாது, மழைக்காலம் முழுக்கத் தண்ணீருக்கடியில் கிடந்தது எப்படிப் பாலமாகும் என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் ஒருவர் என் பக்கம் திரும்பி, முதல் பாலம் விழுந்த வருஷம் உங்கள் வீட்டில் என்னவோ நடந்ததே என்று ஆரம்பித்தார். நான் பாயசத்தைப் பற்றி ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவில் சொல்லக்கூடியது இல்லை அது. இப்போது சொல்கிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

பாலத்துக்கு முன்னால் அங்கே ஓடம் இருந்தது. அது ஓடிய காலத்தை நாம் பார்த்ததில்லை, நம் அப்பாக்கள் பார்த்தார்கள். அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் துறையில் குந்திக் காத்திருப்பார்களாம். மாட்டு வண்டியின் நுகத்தடியிலிருந்து மாட்டை அவிழ்த்து ஆற்றில் நீந்தவிட்டு, வண்டியை மட்டும் ஓடத்தில் ஏற்றுவார்களாம். காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து பலாப்பழ வண்டி வந்தால் அன்று ஓடமே இனிக்கும் என்பார் அப்பா. நான் பிறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் பாலம் வந்தது. செங்கல் தூண்கள், அவற்றின் மேல் இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் மரப்பலகை. சிதம்பரம் பஸ் ஏறும்போது பலகைகள் வரிசையாக அதிர்ந்து எழுப்பும் சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் என் அம்மா உலை வைப்பாள்.

பாலம் திறந்த அன்று ஓடக்காரரையும் மேடைக்குக் கூட்டிப்போய் மாலை போட்டார்களாம். மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவருக்கு மறுநாளிலிருந்து வேலை இல்லை. அவரிடம் இரண்டு ஓடம் இருந்தது. ஒன்றைப் பரங்கிப்பேட்டையில் யாருக்கோ விற்றார். மற்றது நம் தெருக்கோடியில், புளியமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் ஏறிச் சறுக்கியவர்கள்தானே நாம் எல்லோரும். அடியில் கோழி முட்டையிடும். பலகை வெடித்து, இடுக்கில் எறும்பு புற்று வைத்திருந்தது. பாலம் இருக்கும்போது ஓடம் எதற்கு என்று ஊர் முழுக்க நினைத்தது. பெரியவர்கள் போட்ட முதல் தப்புக் கணக்கு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு அப்போது நான்காம் வகுப்பு. அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். குறிஞ்சிப்பாடியில் இருந்த எங்கள் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, அவளைத் தை மாதம் கட்டிக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. மாமா சைக்கிளில் வரும்போதெல்லாம் நெல்லிக்குப்பத்து வெல்லம் வாங்கி வருவார். அக்கா அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். அவர் போன பிறகு எனக்குப் பாதி கொடுப்பாள்.

கல்யாண ரவிக்கை தைக்க அக்கரையில் ஒரு தையல்காரர் இருந்தார். கடலூர்க்காரர், வேதக்காரர். அவரும் அவர் மனைவியும் சேர்ந்தே தைப்பார்கள். வாசலுக்கு மேலே சின்ன மரச் சிலுவை ஒன்று இருக்கும். அந்த ஐப்பசியில் ஒரு வாரமாக விடாத மழை. அன்று காலையில் மழை கொஞ்சம் விட்டது. அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா அக்காவை அனுப்பினாள். ஆற்றில் தண்ணீர் ஜாஸ்தியாக இருக்கிறதே என்று அப்பா இழுத்தார். பாலத்து மேலதானே போறா, ஆத்துலயா எறங்கப் போறா, என்றாள் அம்மா. அக்கா பச்சைத் தாவணி போட்டுக்கொண்டு, அப்பாவின் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.

வாத்தியார் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இடி போல இல்லை அந்தச் சத்தம். வயிற்றுக்குள் கேட்டது. பெஞ்சு அதிர்ந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதிதான் பயமாக இருந்தது. வாத்தியார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே ஓடினார். அவர் ஓடி நாம் அதுவரை பார்த்ததில்லை.

கரைக்குப் போனபோது பாலத்துக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், நடுவில் கேழ்வரகுக் கூழ் நிறத்தில் தண்ணீர். பாலத்தோடு போன தந்திக் கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்து துடித்தது. வெள்ளம் பார்ப்பதற்காகவே பாலத்தில் நின்றவர்கள் பலர். சிலரைக் கயிறு போட்டு இழுத்தார்கள். சிலர் போனது போனதுதான். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா அழவில்லை. எதிரில் வந்தவர்களையெல்லாம் பிடித்து, பச்சைத் தாவணி போட்ட பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பால்காரர் ஒருவர் பார்த்திருந்தார். பாலத்தின் நடுவில், குடையோடு போய்க்கொண்டிருந்தாள் என்றார்.

சாயங்காலம் குடை கிடைத்தது. கீழே ஒரு வளைவில், கோரையில் சிக்கியிருந்தது. பெரியப்பாதான் எடுத்து வந்தார். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். பக்கத்து வீடு. ஊரில் யார் வீட்டு நல்லது கெட்டதானாலும் முன்னால் நிற்பவர். குடைப் பிடியில் அப்பா நீலக் கயிறு சுற்றியிருந்தார். பெரியப்பா அந்தக் கயிற்றை அம்மாவிடம் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா தரையில் உட்கார்ந்தாள்.

அக்கரைக்குப் போய்க் கேட்கலாமே என்று இன்றைக்கு என் பேரன் கேட்கிறான். எப்படிப் போவது? பாலம் இல்லை. தந்தி இல்லை. தண்டவாளத்தில் தண்ணீர் நின்றதால் ரயிலும் இல்லை. அப்போதுதான் எல்லோரும் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். ஓடத்தைப் புரட்டித் தூக்கிப்போய்க் கரையோரம் வைத்தார்கள். முழங்கால் தண்ணீரிலேயே அது நிரம்பி உட்கார்ந்துவிட்டது. ஓடக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து தாரும் தேங்காய் நாரும் வைத்துத் தனியாளாக அதை அடைக்க ஆரம்பித்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அழுகைக்கு நடுவே அந்தச் சுத்தியல் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

எத்தனை நாள் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு மேலிருக்கும். மழை விட்டுவிட்டுப் பெய்தது. தண்ணீரில் வைக்கோல் போர் போனது, செத்த மாடு போனது. உடம்பு கிடைக்காதவர்களின் வீட்டார் தினமும் கரையில் போய் நின்றார்கள். கடைசியில் பெரியப்பா வந்து அப்பாவிடம் பேசினார். "பொண்ணு ஆத்தோட பூடுச்சு. உடம்பு கெடைக்கலன்னு உசுர அலைய வுடக் கூடாது. செய்ய வேண்டியத செஞ்சிடலாம்." அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது சரியென்றே ஆகிவிட்டது.

தர்ப்பையும் வைக்கோலும் வைத்து ஓர் உருவம் கட்டினார்கள். அக்காவின் நல்ல பாவாடை தாவணியை அதற்கு உடுத்தினார்கள். கன்னிப் பெண் என்பதால் பூ வைத்தார்கள், வளையல் மாட்டினார்கள். வைக்கோல் கையில் வளையல் நிற்காமல் கழன்று கழன்று விழுந்தது. அத்தை ஒருத்தி நூல் வைத்துக் கட்டினாள். ஆற்றங்கரையில் அதை எரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் வேலியைத் தாண்டி வரக் கூடாது என்றார்கள். நான் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஈர வைக்கோல் ஆனதால் தீ பிடிக்காமல் வெறும் புகையாக வந்தது. அப்பா அதைச் சுற்றி வந்தபோது இடறினார். யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

செத்தவர் துணி என்று அவள் துணிமணியெல்லாம் வண்ணார் வீட்டுக்குப் போயிற்று. சீப்பில் இருந்த முடியைக்கூட அம்மா எடுத்து ஆற்றில் விட்டாள்.

அதற்கு மறுநாளோ, அதற்கும் மறுநாளோ, வெயில் அடித்தது. ஓடக்காரர் ஓடத்தை இறக்கினார். ஆள் யாரையும் ஏற்றிக்கொள்ளாமல், மகனோடு மட்டும் அக்கரைக்குப் போனார். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தது ஓடம். நாம் எல்லோரும் கரையில் நின்றிருந்தோம். நீங்களும் இருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஓடத்தில் ஒரு பெண் பிள்ளை, நீலப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். ஓடம் நெருங்க நெருங்கக் கரையில் பேச்சு நின்றது. ஒரு பையன் கத்திக்கொண்டு ஓடினான். அவன் பின்னால் எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள். நானும் ஓடினேன். என் சொந்த அக்காவைப் பார்த்து ஓடினேன்.

அவள் எங்கள் பின்னாலேயே நடந்து வந்தாள். வாசலில் அம்மா நின்றிருந்தாள். கட்டிக்கொள்வாள் என்றுதானே நினைப்பீர்கள். அம்மா ஓர் அடி பின்னால் போனாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பொடவையத் தூக்கு," என்றாள். "கால காட்டு."

அக்காவுக்குப் புரியவில்லை. "இன்னாம்மா?"

"கால் தரையில படுதான்னு பாக்கணும். தூக்கு."

அக்கா கணுக்கால் தெரியப் புடவையைத் தூக்கினாள். ஆற்றுச் சேறு ஒட்டிய கால். அம்மா அதைப் பார்த்தாள். குனிந்து தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அந்தச் சேற்றிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அம்மா போட்ட சத்தம், பாலம் விழுந்த சத்தத்தைவிட எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நடந்தது சின்ன விஷயம். பாலத்தின் நடுவில் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. அக்கா நனைந்துகொண்டு அக்கரைக்கு ஓடியிருக்கிறாள். அவள் தையல்காரர் வீட்டுத் திண்ணை ஏறும்போது பின்னால் பாலம் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். தையல்காரர் மனைவி நனைந்த தாவணியை அவிழ்க்கச் சொல்லித் தன் நீலப் புடவையைக் கொடுத்திருக்கிறார். ஒரு பெண்ணைத் தனியே அனுப்பப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தோஷம் ஒரு பொழுதுகூட நிற்கவில்லை. சாயங்காலமே பெரியவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். காரியம் நடந்துவிட்டது, கொள்ளி வைத்தாகிவிட்டது, அவளை எப்படி வீட்டுக்குள் விடுவது என்று பேசினார்கள். அக்கா மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உடுத்த வீட்டில் ஒரு துணி இல்லை. அந்த நீலப் புடவையோடே இருந்தாள். சிதம்பரத்திலிருந்து ஓர் ஐயரை வரவழைத்துக் கேட்டார்கள். செத்தவளாக ஆக்கிவிட்டதால் மறுபடி பிறந்தவளாக்க வேண்டும், புதுப் பெயர் வைத்து வீட்டுக்குள் அழைக்கலாம் என்றார் அவர். அப்படியே செய்தார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, நெல்லில் உட்கார வைத்து, அவள் காதில் அத்தை புதுப் பெயரை மூன்று முறை சொன்னாள். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். பச்சைக் குழந்தைக்குச் செய்வது எல்லாம். சிலருக்குச் சிரிப்பு வந்தது. அக்கா ஒருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து மாமா வரவில்லை. அவருடைய அம்மா, எங்கள் ஆயா, ஆள் சொல்லி அனுப்பினார். எரிச்ச பொண்ணுக்குத் தாலி கட்டினா என் பையன் தங்குவானா, என்று கேட்டாராம். பெற்ற மகளின் மகள் அவள். அம்மா நேரில் போய்க் காலில் விழுந்து பார்த்தாள். மாமா உள் அறையிலிருந்து வெளியே வரவே இல்லையாம். அடுத்த வருஷம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நாங்கள் போகவில்லை.

இதெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். காரியத்துக்கு முந்தின நாள் தண்டவாளத்தில் தண்ணீர் வடிந்து முதல் ரயில் ஓடியிருக்கிறது. அக்கரையிலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி அதில் சுற்றிக்கொண்டு வந்து, உங்கள் ஊர்ப் பெண் ஒன்று தையல்காரர் வீட்டில் இருக்கிறது என்று பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பெயர் கேட்டால் அவருக்கு மறந்துபோயிருந்தது. என்ன உடுத்தியிருந்தது என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். நீலப் புடவை என்றிருக்கிறார் வியாபாரி. புடவை கட்டிய பெண் என்றால் கல்யாணமானவள், நம் பெண் இல்லை என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார். ஆற்றில் கிடைத்த குடை வேறு அவர் கையில் இருந்தது. அம்மாவிடம் சொன்னால் பொய் ஆசை வந்து அதுவே அவளைக் கொன்றுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

"நல்லதுன்னுதாம்மா நெனச்சேன்," என்றார் அக்காவைப் பார்த்து.

அப்பாவின் கை சோற்றில் அப்படியே இருந்தது. அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்புறம், "ஒரு தடவ ரயிலேறி வந்து பாத்திருக்கலாமே பெரியப்பா," என்றாள். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு யார் வீட்டுக் காரியத்திலும் அவர் முன்னால் நின்று நான் பார்க்கவில்லை.

தையல்காரரும் அவர் மனைவியும் கடலூருக்கே திரும்பப் போனபோது அக்காவும் அவர்களோடு போனாள். அம்மா தடுக்கவில்லை. அக்கா தெருவில் போனால் கர்ப்பிணிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை அம்மாவும் பார்த்திருந்தாள். அக்கா தையல் கற்றுக்கொண்டாள். தையல்காரர் மனைவியின் தம்பி, அச்சாபீசில் வேலை செய்தவர், அவளைக் கேட்டுக் கட்டிக்கொண்டார். அவர்கள் கோயிலிலும் அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஆக, மூன்று பெயர். நான் எதையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எனக்கு அக்காதான். மூன்று பிள்ளைகள் பெற்று, பேரன் பேத்தி எடுத்து, இன்றும் ஊசியில் தானே நூல் கோர்க்கிறாள்.

துறையில் அதற்குப் பிறகு சில வருஷம் மறுபடியும் ஓடம் ஓடியது. ஓடக்காரர் இறந்த பிறகு தரைப்பாலம் வந்தது. ஐப்பசி கார்த்திகையில் அது முழுகும். பஸ் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று நிற்கும். அப்புறம் உயரமான பாலம். இப்போது அதற்குப் பக்கத்தில் அகலமாக இன்னொன்று. பழைய செங்கல் தூண்களில் இரண்டு மட்டும் மிச்சம். கோடையில் தண்ணீர் வற்றும்போது அவற்றின் மேல் நாரை உட்கார்ந்திருக்கும்.

போன தையில் அக்காவையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போனேன். அக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அங்கே அவள் இறங்கியதில்லை. தையல்காரர் வீடு இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் கடை. அதைத் தாண்டிக் கரைக்கு நடந்தாள். நம் ஊர்ப் பக்கத்தைக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னாள், இதுவரை யாரிடமும் சொல்லாததை.

அன்றைக்கு அந்தப் புகையை அவள் இங்கேயிருந்து பார்த்திருக்கிறாள். யார் வீட்டுக் காரியமோ என்று நினைத்திருக்கிறாள். நெருப்பைச் சுற்றி வந்தவர் இடறியதும், நடையை வைத்து அப்பா என்று தெரிந்துவிட்டது. முதலில் அம்மாதான் போய்விட்டாள் என்று அழுதிருக்கிறாள். அப்புறம் கரைமேல் வேலியோரம் ஒரு பொம்பளை, தலை விரிந்து, மண்ணில் புரண்டது தெரிந்திருக்கிறது. அந்தச் சிவப்புப் புடவை அம்மாவுடையது. நான் வேலியோரம் நிற்பதும் தெரிந்திருக்கிறது. வீட்டில் அவளைத் தவிர எல்லோரும் அங்கே இருந்தோம்.

"கத்தினேன்," என்றாள் அக்கா. "தொண்ட கட்டிப் போற வரைக்கும் கத்தினேன். தண்ணி எரைச்சல்ல யாருக்குக் கேக்கும். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பாலத்தோட நான் நெஜமாவே பூட்டேனோன்னு. இது எல்லாம் செத்த பெறவு தெரியுதோன்னு."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள ஓடிப் போயி தையக்காரம்மா கிட்ட கேட்டேன். நான் உசுரோடதான் இருக்கனான்னு. அவுங்க வட்டல்ல சோறு போட்டு, கொழம்ப ஊத்திப் பெசஞ்சி, ஒரு உருண்ட என் கையில வெச்சாங்க. பசிக்குதா பாரு, செத்தவளுக்குப் பசிக்காதுன்னாங்க."

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பசிச்சிது."